ஓர் அறை மட்டும் தப்பியது!

டென்மார்க் நாட்டின் தலைநகரம் கோபன்ஹேகன். அந்த நாடு நமக்கு அவ்வளவு அன்னியமானது அல்ல. 1620-ல் தரங்கம்பாடிக்கு வந்து கடலோரத்தில் கோட்டை கட்டி, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் செய்தவர்கள் டேனிஷ்காரர்கள். 1845-ல் அந்த ஊரை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அவர்களுடைய நாடுதான் டென்மார்க்.

கோபன்ஹேகன் பெரிய ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல் நிற்கிறது. 22 மாடி. உயரம் சுமார் 230 அடி. பெயர் ராயல் ஓட்டல். 1960-ல் திறக்கப்பட்டது.

22 மாடி ஓட்டல் இன்று எந்த நகரத்திலும் உண்டு. இதில் என்ன அதிசயம்?

அதிசயம் உள்ளே இருந்தது. இந்தக் கட்டிடத்தை வரைந்தவரே அதன் கதவுக் கைப்பிடியையும் வரைந்தார். விளக்கை வரைந்தார். நாற்காலியை வரைந்தார். திரைச்சீலை, தரை விரிப்பு, சாம்பல் கிண்ணம், கண்ணாடி டம்ளர் எல்லாம் அவர் கைவண்ணம். சாப்பாட்டு மேஜையில் வைக்கும் கரண்டியைக் கூட அவர் விட்டுவைக்கவில்லை!

ஆனால் அவை நெடுநாள் நிலைக்கவில்லை. ஓட்டலை நடத்தியவர்களே அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வெளியே போட்டார்கள். 275 அறைகளில் ஒரே ஓர் அறை மட்டும் தப்பியது. அந்த அறையின் எண் 606.

2018-ல் அதே ஓட்டலைப் புதுப்பித்தார்கள். அப்போது புதுப்பிக்க வந்தவர்களுக்கு வழிகாட்டியாக நின்றது அந்த ஓர் அறைதான்.

விமானக் கம்பெனியின் ஆசை

டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து 1946-ல் ஒரு விமானக் கம்பெனியைத் தொடங்கின. அதன் பெயர் எஸ்.ஏ.எஸ். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஜெட் விமானங்கள் வந்துவிட்டன. அமெரிக்காவிலிருந்து பிரயாணிகள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். அவர்கள் தங்குவதற்குத் தகுந்த இடம் வேண்டும். அதுவும், விமானத்தைப் போலவே புதிய காலத்தின் அடையாளமாக இருக்கவேண்டும்.

எனவே கம்பெனி சொந்தமாக ஓர் ஓட்டல் கட்டத் தீர்மானித்தது. ஓட்டலின் அடித்தளத்திலேயே விமானப் பிரயாணிகளுக்கு ஒரு நிலையம். டிக்கெட்டைக் காட்டி, பெட்டியைக் கொடுத்துவிட்டு, அங்கேயே பஸ் ஏறி விமான நிலையம் போகலாம். நகரத்தின் நடுவிலேயே பாதி விமான நிலையம் வந்துவிட்ட மாதிரி!

இந்த வேலையை அவர்கள் ஒப்படைத்தது ஆர்னே யாக்கப்சன் என்ற கட்டிடக் கலைஞரிடம்.

சுவரில் வெள்ளை அடித்த சிறுவன்

யாக்கப்சன் 1902-ல் கோபன்ஹேகனில் பிறந்தவர். சிறு வயதில் அவருடைய அறையின் சுவரில், அந்தக் கால வழக்கப்படி, பூவும் கொடியுமாக அச்சிட்ட காகிதம் ஒட்டியிருந்தது. பையனுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் வெள்ளைச் சாயத்தை எடுத்து அதன் மேல் பூசிவிட்டானாம். இப்படி ஒரு கதை அவரைப்பற்றி உண்டு.

ஓவியராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. தகப்பனார் தடுத்து, கட்டிடக் கலையின் பக்கம் திருப்பினார். முதலில் கொத்தனார் வேலை பழகினார். பிறகு கலைப் பள்ளியில் சேர்ந்தார். மாணவனாக இருந்தபோதே, 1925-ல் பாரீஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவர் செய்த ஒரு நாற்காலிக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

அப்போது ஐரோப்பாவில் ஒரு புதிய பாணி பரவிக்கொண்டிருந்தது. கட்டிடத்துக்குத் தூண் வேலைப்பாடு எதற்கு? சிங்கத்தலை எதற்கு? இரும்பும் கண்ணாடியும் கான்கிரீட்டும் இருக்கின்றன. அவற்றை மறைக்காமல் நேராகக் கட்டுவோம். வெளிச்சம் வரட்டும், காற்று வரட்டும். இதுதான் அந்தப் பாணியின் கொள்கை. நவீன பாணி என்று அதற்குப் பெயர். சுவர்க் காகிதத்தின் மேல் வெள்ளை அடித்த பையனுக்கு இந்தப் பாணி பிடித்துப்போனதில் வியப்பு இல்லை.

1930-களில் கோபன்ஹேகனுக்கு வடக்கே ஒரு கடற்கரையை அழகுபடுத்தும் வேலை அவருக்குக் கிடைத்தது. உயிர்காக்கும் காவலர்கள் நிற்கும் மேடை, சின்னக் கடைகள் எல்லாவற்றையும் வரைந்தார். அதோடு நிறுத்தவில்லை. நுழைவுச் சீட்டையும், ஊழியர்களின் உடுப்பையும் அவரே வரைந்து கொடுத்தார். 'எல்லாம் ஒரே கையால் வரவேண்டும்' என்ற பிடிவாதம் அப்போதே வந்துவிட்டது.

இரவில் ஒரு படகு

இரண்டாம் உலகப்போரில் இட்லரின் படை டென்மார்க்கைப் பிடித்தது. யாக்கப்சன் யூத வம்சத்தவர். 1943-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில், டென்மார்க்கில் உள்ள யூதர்களை எல்லாம் பிடித்துக்கொண்டு போக ஜெர்மானியர்கள் திட்டமிட்டார்கள். செய்தி முன்கூட்டியே கசிந்துவிட்டது. டேனிஷ் மக்கள் தங்கள் வீடுகளில் அவர்களை ஒளித்து வைத்தார்கள். மீன்பிடிப் படகுகளில் ஏற்றி, இரவோடு இரவாக அக்கரையில் இருந்த சுவீடனுக்கு அனுப்பினார்கள். 7 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் இப்படித் தப்பினார்கள்.

யாக்கப்சனும் அவருடைய மனைவி யோன்னாவும் ஒரு சிறிய துடுப்புப் படகில் தப்பினார்கள். அதே படகில், விளக்குகள் வரைவதில் பெயர்பெற்ற பவுல் ஹென்னிங்சனும் அவர் மனைவியும் இருந்தார்கள். டென்மார்க்கின் இரண்டு பெரிய கலைஞர்கள் ஒரே தோணியில்! அன்று அது கவிழ்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சுவீடனில் கட்டிட வேலை அவ்வளவாகக் கிடைக்கவில்லை. யோன்னா துணியில் அச்சுப் போடத் தெரிந்தவர். கணவர் புல், பூ, செடி ஆகியவற்றைப் பார்த்து வரைந்தார். மனைவி துணியில் அச்சிட்டார். அகதியாக இருந்த அந்த இரண்டு ஆண்டுகளிலும் அவர்களுக்கு அது கை கொடுத்தது. 1945-ல் போர் முடிந்ததும் தாய்நாடு திரும்பினார்கள்.

செடி கொடிகளின் மேல் அவருக்கு இருந்த பித்து கடைசிவரை போகவில்லை. தன் வீட்டுத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான செடி வகைகளை வளர்த்தார். ராயல் ஓட்டலிலும் அந்தப் பித்து வெளிப்பட்டது.

சுவர் அல்ல, திரை!

கோபன்ஹேகன் கோபுரங்களின் நகரம். தாமிரக் கூரை போட்ட மாதாகோவில் கோபுரங்களும் அரண்மனைக் கோபுரங்களுமே அதுவரை வானத்தைத் தொட்டன. மற்ற வீடுகள் எல்லாம் நாலைந்து மாடிதான். அந்த ஊரின் நடுவே கண்ணாடிப் பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல் ஒரு கட்டிடம் எழும்பினால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? பத்திரிகைகள் கேலி செய்தன. ஊரிலேயே அசிங்கமான கட்டிடம் எது என்று ஒரு போட்டி நடந்ததாகவும், அதில் தனக்கு முதல் பரிசு கிடைத்ததாகவும் யாக்கப்சனே வேடிக்கையாகச் சொல்வாராம்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1952-ல் லீவர் ஹவுஸ் என்ற கண்ணாடிக் கட்டிடம் எழுந்தது. கீழே படுத்திருக்கும் ஒரு நீண்ட பகுதி. அதன் மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு கோபுரம். ராயல் ஓட்டலும் அதே அமைப்புத்தான். கீழ்ப்பகுதியில் வரவேற்புக் கூடம், விமானப் பிரயாணிகள் நிலையம், கடைகள். கோபுரத்தில் அறைகள்.

சாதாரண வீட்டில் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. இங்கே அப்படி அல்ல. உள்ளே உள்ள கான்கிரீட் தூண்கள் எல்லாப் பாரத்தையும் தாங்குகின்றன. வெளியே தெரியும் அலுமினியமும் கண்ணாடியும் திரைச்சீலை போலத் தொங்குகின்றன, அவ்வளவுதான். சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். மேகம் வந்தால் கட்டிடத்திலும் மேகம் தெரியும். மழைக்காலத்தில் கட்டிடம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

உள்ளே நுழைந்தால் ஒரு சுழல் படிக்கட்டு. அதற்குக் கீழிருந்து முட்டுக் கிடையாது. மேல்தளத்திலிருந்து மெல்லிய இரும்புக் கம்பிகளில் தொங்குகிறது.

அப்புறம் ஒரு குளிர்காலத் தோட்டம். இரண்டு கண்ணாடிச் சுவர்களை இடைவெளி விட்டு நிறுத்தி, அந்த இடைவெளியில் ஆர்க்கிட் பூச்செடிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெளியே பனி கொட்டும். உள்ளே உட்கார்ந்து காப்பி சாப்பிடுகிறவருக்குப் பக்கத்தில் வெப்பநாட்டுப் பூ மலர்ந்திருக்கும்.

முட்டை, அன்னம், துளி

கட்டிடத்தில் எங்கு பார்த்தாலும் நேர்கோடு. சன்னல் நேர்கோடு, தூண் நேர்கோடு, கூரை நேர்கோடு. மனிதன் உட்காரும் இடமும் இப்படிப் பெட்டி பெட்டியாக இருந்தால் மூச்சு முட்டாதா? யாக்கப்சன் இதைப் புரிந்துகொண்டார். கட்டிடம் நேராக இருக்கட்டும், நாற்காலி வளையட்டும் என்று முடிவு செய்தார்.

நாற்காலி அவருக்குப் புதிது அல்ல. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் மருந்து தயாரிக்கும் நோவோ என்ற டேனிஷ் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்துக்காக 1952-ல் ஒரு நாற்காலி செய்திருந்தார். மெல்லிய ஒட்டுப்பலகையை வளைத்துச் செய்தது. மூன்றே கால். பார்த்தால் எறும்பு மாதிரி இருக்கும். அதனால் எறும்பு நாற்காலி என்றே பெயர் வந்துவிட்டது.

ஓட்டலுக்கு அவர் செய்தது வேறு வகை. அதுவரை மெத்தை வைத்த நாற்காலி என்றால் உள்ளே மரச்சட்டம் இருக்கும், ஸ்பிரிங் இருக்கும், பஞ்சும் தேங்காய் நாரும் திணித்திருப்பார்கள். கனமோ கனம். யாக்கப்சன் சட்டத்தையே ஒழித்துவிட்டார். தன் வீட்டு மோட்டார் கொட்டகையில், குயவர் மண்ணைப் பிசைவதுபோல, பாரீஸ் சாந்தைக் குழைத்து உருவம் பிடித்தார். கொஞ்சம் சுரண்டுவார், உட்கார்ந்து பார்ப்பார், மறுபடி பூசுவார். அந்த உருவத்தைப் பார்த்து, இரசாயன நுரையால் ஒரே துண்டாக ஓடு வார்த்தார்கள். ஓட்டின் மேல் மெல்லிய மெத்தை. அதன் மேல் துணி அல்லது தோல். கீழே நட்சத்திர வடிவில் அலுமினியக் கால். சுற்றினால் சுழலும்.

இப்படி 1958-ல் பிறந்ததுதான் 'முட்டை' நாற்காலி. ஓட்டை ஒரு பக்கம் உடைத்த முட்டை போல இருக்கும். அதில் உட்கார்ந்தால் தலைக்கு இரண்டு பக்கமும் மறைப்பு. கூட்டம் நிறைந்த வரவேற்புக் கூடத்தின் நடுவே உட்கார்ந்திருந்தாலும், தனி அறையில் இருப்பது போன்ற உணர்ச்சி. யாரையாவது பார்க்கவேண்டுமா? காலால் லேசாகத் தள்ளினால் நாற்காலி திரும்பும். பார்க்க விருப்பம் இல்லையா? மறுபக்கம் திரும்பிவிடலாம்!

அதற்குத் துணையாக இரண்டு கைகளையும் சிறகு போல விரித்த 'அன்னம்' நாற்காலி வந்தது. கண்ணீர்த்துளி வடிவில் சின்னதாக ஒரு 'துளி' நாற்காலியும் வந்தது. இவற்றைச் செய்து கொடுத்தது பிரிட்ஸ் ஹான்சன் என்ற பழைய டேனிஷ் கம்பெனி. தோல் போர்த்திய முட்டை நாற்காலி ஒன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தையல், எல்லாம் கையால் போடவேண்டும். வளைவுக்கு வளைவு தோல் சுருங்காமல் இழுத்துத் தைப்பது லேசான காரியம் அல்ல.

சாப்பிட வராத கரண்டி

எல்லாவற்றிலும் அவர் வெற்றி பெற்றார் என்று சொல்ல முடியாது. கரண்டி, கத்தி, முள் ஆகியவற்றை 1957-ல் வரைந்தார். ஒரே தகட்டை நெளித்து விட்டதுபோல, பூவேலை ஏதும் இல்லாமல், ஒல்லியாக இருக்கும். சூப் குடிக்கும் கரண்டியில் வலது கைக்காரருக்கு ஒன்று, இடது கைக்காரருக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்தார். அவ்வளவு யோசனை!

ஆனால் விருந்தினர்களுக்கு அது கைவரவில்லை. கரண்டியின் குழி சிறியது. முள்ளின் பல் குட்டை. பட்டாணியை இதில் எப்படித் தின்பது என்று கேலி கிளம்பியது. சில காலத்துக்குள் ஓட்டல் மேஜைகளிலிருந்து அந்தக் கரண்டிகள் மறைந்துவிட்டன.

வேடிக்கை என்னவென்றால், 1968-ல் '2001: ஸ்பேஸ் ஒடிசி' என்ற ஆங்கிலப் படம் வந்தது. விண்வெளிக் கப்பலில் மனிதர்கள் சாப்பிடும் காட்சி. முப்பத்து மூன்று ஆண்டுக்குப் பிந்திய காலத்துக் கரண்டி எப்படி இருக்கும் என்று தேடிய டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக், யாக்கப்சனின் கரண்டியைத்தான் எடுத்து வைத்தார். ஓட்டலில் செல்லாத கரண்டி விண்வெளியில் செல்லுபடியாயிற்று.

வெளியே போன சாமான்கள்

யாக்கப்சன் 1971-ல் காலமானார். அதன் பிறகு ஓட்டலின் உட்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறத் தொடங்கியது.

ஓட்டல்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. ஓட்டல் என்பது பொருட்காட்சிசாலை அல்ல. நாளுக்கு ஒருவர் வந்து படுத்துவிட்டுப் போகும் இடம். துணி கிழியும், விரிப்பு தேயும், மரத்தில் கீறல் விழும். டெலிவிஷன் வந்தது, அதற்கு இடம் வேண்டும். விருந்தினர்கள் அகலமான கட்டில் கேட்டார்கள். 1960-ல் புதுமையாகத் தெரிந்தது, இருபது ஆண்டு கழித்துப் பழையதாகத் தெரிந்தது. 'பழங்காலத்தது' என்றால் மதிப்பு உண்டு. 'போன தலைமுறையது' என்றால் யாருக்கும் மதிப்பு கிடையாது. நம் வீடுகளில் கூடப் பாட்டி காலத்துப் பித்தளைக் குத்துவிளக்கைப் பத்திரமாக வைக்கிறோம். அப்பா வாங்கிய மேஜையைப் பழைய சாமான் கடைக்குப் போடுகிறோம்.

அப்படித்தான் அங்கேயும் நடந்தது. சுவரில் பதித்த மரப்பலகைகள் போயின. திரைச்சீலைகள் போயின. விரிப்புகள் போயின. அறைகளில் இருந்த நாற்காலிகள் போயின. ஆர்க்கிட் தொங்கிய குளிர்காலத் தோட்டமும் போய்விட்டது. துளி நாற்காலியின் உற்பத்தியே நின்றுபோயிற்று. எந்த ஊரிலும் உள்ள ஓட்டல் அறை மாதிரி, இந்த ஓட்டலின் அறைகளும் ஆயின.

இதற்குள் வெளியுலகத்தில் காற்று வேறு பக்கம் திரும்பிவிட்டது. யாக்கப்சனின் நாற்காலிகளை மியூசியங்கள் வாங்கி வைத்தன. பழைய முட்டை நாற்காலிகளை ஏலத்தில் போட்டி போட்டு எடுத்தார்கள். புதிது வாங்குவது என்றாலும் இன்றைக்குப் பல லட்ச ரூபாய் வேண்டும். போலி நாற்காலிகளும் கிளம்பிவிட்டன. உலகம் முழுதும் கிளைகள் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடை, லண்டனில் உள்ள தன் கிளைகளுக்கு அசல் நாற்காலிகளோடு போலிகளையும் வாங்கிப் போட்டது. 2007-ல் பிரிட்ஸ் ஹான்சன் கம்பெனிக்கு இது தெரிந்ததும், இனி உங்களுக்கு நாற்காலி விற்கமாட்டோம் என்று உறவை முறித்துக்கொண்டது.

ஊர் உலகமெல்லாம் தேடிய சாமான், பிறந்த வீட்டில் மட்டும் குறைந்து போயிருந்தது.

606-க்குள் என்ன இருக்கிறது?

ஆறாவது மாடியில் 606-ம் எண் அறையை மட்டும் 1960-ல் இருந்தபடியே வைத்திருந்தார்கள்.

கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது நிறம். நீலமா, பச்சையா என்று சொல்ல முடியாத நிறத்தில் நாற்காலிகளும் சோபாவும். அதற்கு எதிராக, சுவரில் பாதி உயரத்துக்குக் கருஞ்சிவப்பு கலந்த பழுப்பு மரப்பலகை. வெங்கே என்ற ஆப்பிரிக்க மரம் அது.

அந்தப் பலகையில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது. விளக்கு அதில் பதித்த தண்டவாளத்தில் நகரும். படிக்க வேண்டுமானால் தலைமாட்டுக்கு இழுத்துக் கொள்ளலாம். பேசிக்கொண்டிருக்க வேண்டுமானால் சோபா பக்கம் தள்ளலாம். ஒரு பலகையைத் தூக்கினால் உள்ளே கண்ணாடியும் விளக்கும்! பெண்கள் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொள்ளும் மேஜை அது. மூடிவிட்டால் சுவரோடு சுவர். சின்ன அறையில் சாமான் அடைக்காமல் வசதி செய்வது எப்படி என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

மற்ற அறைகளில் என்ன போயிற்று என்பது 606-ஐப் பார்த்தால்தான் தெரியும். தனியாக ஒரு நாற்காலியை மியூசியத்தில் பார்ப்பது வேறு. அந்த நாற்காலி, அந்த விளக்கின் கீழே, அந்தச் சன்னலுக்கு எதிரே இருப்பதைப் பார்ப்பது வேறு. மைக்கேல் ஷெரிடன் என்பவர் இந்த ஓட்டலைப்பற்றி 2003-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதற்கு அவர் வைத்த தலைப்பே 'அறை 606' என்பதுதான்.

புதுப்பித்தவர்கள் எடுத்த முடிவு

ஓட்டலின் பெயர் இதற்கிடையில் பலமுறை மாறியது. விமானக் கம்பெனியின் கையிலிருந்து ராடிசன் ஓட்டல் குழுவின் கைக்குப் போயிற்று. அந்தக் குழு ஓட்டலை அடியோடு புதுப்பிக்க விரும்பியது. வேலையை 'ஸ்பேஸ் கோபன்ஹேகன்' என்ற உள்ளலங்கார நிறுவனத்திடம் கொடுத்தது. சிக்னே பின்ட்ஸ்லெவ் ஹென்ரிக்சன் என்ற பெண்மணியும், பீட்டர் புண்ட்கோர் ருட்சோவ் என்பவரும் சேர்ந்து 2005-ல் தொடங்கிய நிறுவனம் அது. உலகப் புகழ்பெற்ற 'நோமா' உணவு விடுதி முதலில் நடந்த இடத்துக்கு உள்ளலங்காரம் செய்தவர்கள் இவர்கள்தான்.

அவர்களுக்கு முன்னால் ஒரு சிக்கல். கைவசம் அசல் அறை ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து அப்படியே இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட அறைகளையும் செய்துவிடலாமே? சுலபமான வழி போலத் தோன்றும். ஆனால் அதில் பல கஷ்டங்கள் உண்டு.

முதலாவது, வெங்கே மரம். 1960-ல் தாராளமாகக் கிடைத்தது. இன்று மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் அது அழியும் ஆபத்தில் உள்ள மரங்களின் பட்டியலில் இருக்கிறது. இரண்டாவது, 1960-ம் ஆண்டின் பிரயாணி வேறு, இன்றைய பிரயாணி வேறு. அவர் தந்தி கொடுக்க வந்தார். இவர் செல்போனுக்கு மின்சாரம் ஏற்ற வருகிறார். கட்டில், குளியலறை, வெளிச்சம் எல்லாவற்றிலும் தேவை மாறிவிட்டது. எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. யாக்கப்சன் தன் காலத்துக்குப் புதுமை செய்தவர். அவரை அச்சாக நகல் எடுத்தால் அது அவருக்குச் செய்யும் மரியாதையா, நாடகத்துக்குப் போடும் சீனா?

எனவே இருவரும் 606-ஐத் தொடாமல் விட்டார்கள். மற்ற அறைகளில் நகலும் எடுக்கவில்லை. ஆனால் முந்திய ஓட்டல்காரர்களைப் போல மறந்துவிடவும் இல்லை.

யாக்கப்சனின் நாற்காலிகள் திரும்பி வந்தன. வரவேற்புக் கூடத்தில் முட்டையும் அன்னமும் இடம் பிடித்தன. தொங்கும் சுழல் படிக்கட்டு அப்படியே நிற்கிறது. ஆனால் 606-ன் நீலப்பச்சையை எங்கும் அள்ளிப் பூசவில்லை. மங்கலான பச்சை, சாம்பல், பழுப்பு என்று அடங்கிய நிறங்களை எடுத்துக்கொண்டார்கள். தோலும் மரமும் கல்லும் நாளாக ஆக மெருகு ஏறும். அத்தகைய பொருள்களையே அதிகமாகச் சேர்த்தார்கள். தாங்களே வரைந்த புதிய சாமான்களையும் யாக்கப்சனின் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் துணிந்து வைத்தார்கள்.

அப்படி வைப்பதற்குத் தைரியம் வேண்டும். பக்கத்தில் இருப்பது முட்டை நாற்காலி. அதன் அருகில் எந்த சோபாவைப் போட்டாலும் பார்க்கிறவன் ஒப்பிட்டுப் பேசுவான். சிலருக்கு இந்த அடங்கிய நிறங்கள் பிடிக்காமல் இருக்கலாம்; 606-ஐப் பார்த்துவிட்டு மற்ற அறைக்குள் நுழைகிறவருக்குக் கொஞ்சம் வெளிறியதாகக் கூடத் தோன்றலாம். ஆனால் பொய் வேஷம் என்று யாரும் சொல்ல முடியாது. எது 1960-ல் செய்தது, எது 2018-ல் செய்தது என்பது உற்றுப் பார்த்தால் தெரிகிறது.

நாற்காலிகளின் விஷயத்தில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. முட்டை நாற்காலியில் முதலில் தேய்வது மேல் உறைதான். உள்ளே உள்ள ஓடு நெடுங்காலம் உழைக்கும். பழைய தோலைப் பிரித்துவிட்டுப் புதிய தோல் தைத்துப் போர்த்தினால், நாற்காலி மறுபடி புதுசு. சட்டமும் ஸ்பிரிங்கும் இல்லாமல் யாக்கப்சன் செய்ததன் பலன் அறுபது ஆண்டு கழித்து இப்படிக் கை கொடுக்கிறது.

2018-ல் வேலை முடிந்து, 'ராடிசன் கலெக்‌ஷன் ராயல் ஓட்டல்' என்ற பெயரோடு அது மீண்டும் விருந்தினர்களை வரவேற்றது.

துளி திரும்பியது

காணாமற்போன ஆர்க்கிட் தோட்டம் மட்டும் திரும்பவில்லை. அது இருந்த இடத்தைப் பழைய புகைப்படங்களில்தான் பார்க்கலாம்.

கேலிக்கு ஆளான கரண்டியை யாரும் மாற்றி வரையவில்லை. 1957-ல் வரைந்த அதே வடிவத்தில் அது இப்போதும் விற்பனை ஆகிறது. விலை கொடுத்து வாங்கி, பட்டாணி சிந்தினாலும் பரவாயில்லை என்று அதிலேயே சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

துளி நாற்காலிக்குத்தான் உண்மையிலேயே நல்ல காலம். உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆன பிறகு, 2014-ல் பிரிட்ஸ் ஹான்சன் கம்பெனி அதை மறுபடி செய்யத் தொடங்கியது. நான்கு ஆண்டு கழித்து ஓட்டலைப் புதுப்பித்தபோது, அதுவரை 606-ல் மட்டும் இருந்துவந்த துளி நாற்காலி மற்ற அறைகளுக்கும் வந்து சேர்ந்தது.